தங்கையின் பெயரில் நான் எழுதிய பதில்

என் தங்கைக்கு வந்த வேலைக் கடிதத்தை நான் அழித்தேன். அதோடு நிற்கவில்லை. அவள் பெயரில், அவளுடைய மின்னஞ்சலிலிருந்தே, அந்த வேலை எனக்கு வேண்டாம் என்று பதிலும் எழுதினேன்.

சொல்லிவிட்டேன். நான்கைந்து வரிகளில் முடிந்துபோகிற விஷயம்தான்... ஆனால் இதைச் சொல்ல எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின!

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் என்னைப் பொறுப்பான பெண் என்கிறார்கள். அண்ணனூரில் என் தெருவில் விசாரித்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் என் அலுவலகத்தில் விசாரித்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அங்கே எனக்குக் கணினிப் பிரிவில் வேலை. கடவுச்சொல்லை மறந்தவர்கள் என் மேசைக்குத்தான் வருவார்கள். பதினெட்டு வருடத்தில் ஒருவருடைய கணக்கையும் நான் எட்டிப் பார்த்ததில்லை. அந்நியர்களிடம் அவ்வளவு நேர்மையாக இருந்தவள் நான்!

பவானி என்னைவிட ஏழு வயது இளையவள். அம்மா சீக்கிரம் போய்விட்டாள். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் இருந்தார். நாங்கள் இருவரும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். ஓய்வு பெற்றதும் அப்பா முத்தாபுதுப்பேட்டையில் சின்னதாக ஒரு வீடு கட்டினார். நான் கல்யாணமாகி அண்ணனூர் வந்துவிட்டேன். பவானிக்கு இரண்டு முறை வரன் கூடிவந்து கலைந்தது. மூன்றாவது முறை பேச்செடுத்தபோது, "என்ன விட்டுடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். நூலகவியல் படித்தவள். பூந்தமல்லி தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக நூலகராக இருந்தாள். தினமும் ஆவடியிலிருந்து பேருந்து, திரும்பி வந்தால் அப்பா. அதுதான் அவள் வாழ்க்கை.

ஒரு நாள் காலையில் குளியலறையில் அப்பா விழுந்தார். பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்காதான் சத்தம் கேட்டு ஓடிவந்து, பவானியோடு சேர்ந்து அவரைத் தூக்கியவர். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், தெருவில் யாருக்கு எது என்றாலும் முதலில் வந்து நிற்பவர். அப்பா பிழைத்தார். ஆனால் வலது கையும் பேச்சும் போய்விட்டன.

பேச்சோடு இன்னொன்றும் போயிற்று. அந்த வீட்டின் கடவுச்சொற்கள் எல்லாம் அவர் தலைக்குள் இருந்தவை. ஓய்வூதியம், சிலிண்டர், மின்கட்டணம், வீட்டு வரி என்று எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டிருந்தார். சிலவற்றைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதியிருந்தார். சில பழைய டைரியில். சில பழைய கணினியின் உலாவியில், சில டேப்லட்டில். பாதி மாற்றப்பட்டுவிட்டவை. எல்லாம் அம்மாவின் பெயரும் ஏதோ ஓர் எண்ணும். எந்த எண் என்பதுதான் தெரியாது!

பவானி அவர் கட்டிலருகே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவாள். "இதுவாப்பா? இல்ல இதுவா?" அவர் தலையை ஆட்டுவார். சில நேரம் ஆமாம் என்று ஆட்டுகிறாரா, இல்லை என்று ஆட்டுகிறாரா என்றே தெரியாது. ஒரு முறை நடுவிலேயே அழுதுவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மடிக்கணினியோடு போனேன். காலையிலிருந்து மாலை நாலு மணி வரை உட்கார்ந்து, சிதறிக் கிடந்த அத்தனையையும் திரட்டினேன். தெரியாதவற்றை மீட்டெடுத்துப் புதிதாக மாற்றினேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டிவைக்க ஒரே ஒரு பாஸ்வேர்டு மேனேஜர். அதைத் திறக்க ஒரே ஒரு சொல். பவானியின் போனில் போட்டேன், அப்பாவின் டேப்லட்டில் போட்டேன். என் மடிக்கணினியிலும் போட்டேன்.

"உன்னுதுல எதுக்குக்கா?" என்று அவள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: "ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்."

"இருக்கட்டும்க்கா. என் மெயிலயும் அதுலயே போட்டுடு. எனக்கும்தான் மறந்து மறந்து போவுது. உன்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

அந்த ஒற்றைச் சொல்லை அவள்தான் யோசித்துத் தட்டச்சு செய்தாள். பிறகு என் காதில் சொன்னாள். அன்று அவள் மீன்குழம்பு வைத்திருந்தாள். நான் ஏதோ பெரிய காரியம் செய்து முடித்தவள் போல இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

நாலைந்து மாதம் போயிருக்கும். நீலகிரியில் ஓர் உறைவிடப் பள்ளியில் நூலகர் வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாகப் பவானி சொன்னாள். நிரந்தர வேலை. பள்ளிக்குள்ளேயே வீடும் தருவார்களாம். கணினி வழியாக நேர்காணல் முடிந்த மறுநாள் நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"நாலு பேரு உக்காந்திருந்தாங்கக்கா. ஒரு கேள்விக்கு இங்கிலீஷ்ல திக்கிட்டேன். பாதியில வார்த்தையே வரல."

"கிடைக்கும்டி. கவலப்படாத."

"கிடைச்சா... ஒரே ஒரு வருஷம் அப்பாவ நீ வச்சுக்குவியா? அங்க செட்டில் ஆனதும் நானே கூட்டிட்டுப் போயிடுவேன். குளிரு அவருக்கு ஒத்துக்குமான்னு டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன்."

"இதெல்லாம் கேக்கணுமா? போடி..."

இப்படித்தான் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன்! மனதுக்குள் என்ன ஓடியது தெரியுமா? அவள் திக்கினாளே, அதுவரை நல்லது என்று ஓடியது.

என் வீட்டை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு படுக்கையறை. நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பத்தாம் வகுப்பு. இதில் அப்பாவின் கட்டிலை எங்கே போடுவது? யார் அவரைத் தூக்கி உட்காரவைப்பது? யார் துடைப்பது? மாமியார் முகம் எப்படிப் போகும்? இரவெல்லாம் இதையே சுற்றிச் சுற்றி நினைத்தேன்.

அது மட்டும்தானா? இல்லை... இங்கே பொய் சொல்லக் கூடாது. பொறாமையும் இருந்தது. காலை ஏழே முக்கால் ரயிலில் நசுங்கிப் போய், நசுங்கித் திரும்பி வருகிற எனக்கு, மலைமேல் ஒரு வீடு என்றதும் நெஞ்சில் சுருக்கென்றது. எனக்குக் கிடைக்காத விடுதலை அவளுக்கு மட்டும் எப்படி? அவளும் இங்கேயே கிடந்தால் என்ன? ஒரு தாய் வயிற்றில் பிறந்தவள் இப்படியும் நினைப்பாளா என்று கேட்கிறீர்களா? நினைத்தேன்!

அது ஒரு செவ்வாய்க்கிழமை. அப்பாவின் ஓய்வூதியக் கணக்கில் வங்கி விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். நான் அலுவலகத்திலிருந்து அதைச் செய்துகொண்டிருந்தேன். உறுதி எண், அதாவது ஓ.டி.பி., பவானியின் மின்னஞ்சலுக்குப் போகும். அவள் அப்பாவைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போயிருந்தாள். உள்ளே போகுமுன் போனில் சொன்னாள்: "உள்ள டவரே எடுக்காதுக்கா. நீயே மெயிலத் தொறந்து பாத்துக்கோ."

திறந்தேன். உறுதி எண் வந்திருந்தது. அதற்கு மேலே, அப்போதுதான் வந்து விழுந்திருந்த இன்னொரு கடிதம்... அந்தப் பள்ளியிலிருந்து.

அதைத் தொடாமல் மூடியிருக்கலாம். மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. திறந்து முழுவதும் படித்தேன். அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் தரவேண்டும் என்றிருந்தது.

நான் யோசிக்கவேயில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? கை தானாகப் போயிற்று. அழித்தேன். குப்பைக்குள் போய் அங்கிருந்தும் அழித்தேன். பிறகு, எனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினேன். அந்தப் பள்ளியின் முகவரியிலிருந்து எது வந்தாலும் அவள் கண்ணில் படாமல் நேரே குப்பைக்குப் போகும்படி மின்னஞ்சல் அமைப்பில் ஃபில்டர் என்ற ஒரு கட்டளை எழுதிவைத்தேன். யோசிக்காமல் செய்கிறவளா இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்வாள்? ஆகவே யோசித்துத்தான் செய்தேன்... இதை உங்களுக்கு எழுதும்போதுதான் எனக்கே விளங்குகிறது.

ஒரு மணி நேரம் கழித்துப் பவானி அழைத்தாள். "கிடைச்சுதாக்கா நம்பர்?"

"கிடைச்சுது."

"வேற ஏதாச்சும் மெயில் வந்திருந்துதா?"

"இல்லடி."

வியாழக்கிழமை அந்தக் குப்பையை நானே போய்ப் பார்த்தேன். இரண்டாவது கடிதம் கிடந்தது. பதில் வராததால் நாளை தொலைபேசியில் தொடர்புகொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். புளிசாத டப்பா மேசைமேல் திறந்தபடி இருந்தது. அவள் பெயரில் எழுதினேன். 'தங்கள் தேர்வுக்கு நன்றி. குடும்பச் சூழ்நிலை காரணமாக இந்தப் பணியை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன். தொலைபேசியில் அழைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே பவானி என்று போட்டேன். அனுப்பியதற்கான தடத்தையும் அழித்தேன். அப்புறம்... சாப்பிட்டேன். முழு டப்பாவையும் சாப்பிட்டேன்.

பவானி காத்திருந்தாள். வெள்ளி போயிற்று. அடுத்த வாரமும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை போனபோது போனை என்னிடம் நீட்டினாள்.

"ஸ்பாம்லயும் பாத்துட்டேன்க்கா. எனக்குத்தான் ஒழுங்காப் பாக்கத் தெரியலையோ என்னமோ. நீ கொஞ்சம் பாரேன்."

வாங்கினேன். அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. நான் மேலும் கீழும் தள்ளித் தள்ளி, தேடுகிறவளைப் போல நடித்தேன். "ஒண்ணும் காணோமே" என்று நெற்றியைச் சுருக்கினேன்.

"போன் பண்ணிக் கேக்கலாமாக்கா?"

"வேணாம்டி. நாமளே கேட்டா மதிக்க மாட்டாங்க."

"அன்னிக்குத் திக்கினேன் பாரு... அதான்." அவள் போனை வாங்கிக்கொண்டாள். "எனக்கு அவ்ளோதான் வருதுக்கா."

இந்த வரியை நீங்கள் கவனியுங்கள். வேலை போனது கூடப் பெரிதில்லை. அந்த நாளுக்குப் பிறகு பவானி எந்த வேலைக்கும் விண்ணப்பிக்கவில்லை. ஆள் எடுக்கிறார்கள் என்று விளம்பரத்தைக் காட்டினால், "அதெல்லாம் நல்லாப் பேசறவங்களுக்குக்கா" என்பாள். கல்லூரியில் கூட்டமென்றால் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வாள். இங்கிலீஷில் யாராவது பேச வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டுவாள். நான் அழித்தது ஒரு கடிதத்தை மட்டும் என்று எப்படிச் சொல்வேன்?

மறு வருடம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அப்பாவை மூன்று வாரம் என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வேறு வழியில்லை. கூடத்தில் கட்டில் போட்டோம். எந்த மாமியாரை நினைத்து நடுங்கினேனோ, அந்த மாமியார் அவருக்குத் தயிர்சாதத்தைப் பிசைந்து ஊட்டினார். என் கணவர் ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் செய்துவிட்டார். மூத்தவள் அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பாடம் படித்தாள். வேலை அதிகம்தான், முதுகு வலித்ததுதான். ஆனால் முடிந்தது! மூன்று வாரம் முடிந்தது என்றால் ஒரு வருடமும் முடிந்திருக்கும். இதற்காகவா அவளை அப்படிச் செய்தேன்? குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்கு நாலு மாதம் கழித்து அப்பா போய்விட்டார். பவானி பக்கத்தில் இருந்தாள். நான் ரயில் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரிடமும் அவள் சொன்னாள்: "எல்லாத்தயும் அக்காதான் பாத்துக்கினா. அக்கா இல்லன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது."

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். நானாக மனம் திருந்திச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெருமையும் எனக்கு இல்லை. நான் பிடிபட்டேன்.

பவானி புதுப் போன் வாங்கியிருந்தாள். பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். சனிக்கிழமை காலை. கடவுச்சொற்களை நான் புதுப் போனில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவள், அப்பாவின் பழைய கணினியில் தன் மின்னஞ்சலைத் திறந்து, இடம் அடைக்கிறது என்று பழையவற்றைக் கழித்துக்கொண்டிருந்தாள். அமைப்புகளுக்குள் எப்படியோ போயிருக்கிறாள்.

"அக்கா, இங்க ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு. நான் எதுவும் போடலயே... இந்த ஸ்கூல் பேரு எப்படி வந்துச்சு இதுல?"

நான் அந்தக் கட்டளையை எடுக்க மறந்திருந்தேன். மூன்று வருடமாக அது அங்கேயே உட்கார்ந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது!

ஏதோ வைரஸாக இருக்கும் என்று ஒரு பொய் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. அவள் நம்பியிருப்பாள். கணினி விஷயத்தில் நான் எது சொன்னாலும் நம்புகிறவள் அவள். அவள் முகத்தைப் பார்த்தேன்... அந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, வியாழக்கிழமை, நான் எழுதிய பதில். திட்டுவாள், அழுவாள், டம்ளரிலிருக்கும் காப்பியை என் முகத்தில் வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். வீசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த லெட்டர்ல என்ன எழுதியிருந்தாங்க?" என்று கேட்டாள்.

"வேலை உனக்குத்தான்னு..."

"அது சரி. வேற என்ன எழுதியிருந்தாங்க?"

எனக்கு அது மனப்பாடம். சொன்னேன். 'நூலகத்துப் பக்கமே வராத பிள்ளையை எப்படி வரவழைப்பீர்கள் என்ற கேள்விக்கு, புத்தகத்தை அல்ல, முதலில் அந்தப் பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொள்வேன் என்றீர்கள். நேர்காணலில் நாங்கள் கேட்ட மிகச் சிறந்த பதில் அதுவே. நீங்கள் தயங்கித் தயங்கிச் சொன்னாலும் நாங்கள் நால்வரும் ஒரே மனதாக அப்போதே முடிவு செய்துவிட்டோம்.'

அவள் கணினியின் சுட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"மறுபடி சொல்லு."

சொன்னேன்.

"இன்னொரு தபா."

மூன்றாவது முறை சொல்லும்போது என் குரல் உடைந்தது. அவள் குரல் உடையவில்லை.

"அப்போ நான் நல்லாத்தான் பேசியிருக்கேன்" என்றாள், தனக்குத்தானே.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அதுக்கப்புறம் அவங்ககிட்டருந்து வேற ஏதாச்சும் வந்துதா? அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம்... திரும்பக் கூப்பிட்டாங்களா?"

"தெரியல பவானி. குப்பைக்குப் போனது முப்பது நாள்ல தானா அழிஞ்சிடும். நான் அப்புறம் பாக்கவேயில்ல."

அவள் தலையாட்டினாள். எழுந்து வந்து, என் கையிலிருந்த தன் புதுப் போனை எடுத்துக்கொண்டாள்.

"நீ கெளம்புக்கா. வெயில் ஏறிடும்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் அடுப்படிக்குள் போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அரிசி களையும் சத்தம் நிற்கவில்லை. ஆவடி வரை ஷேர் ஆட்டோவில் வந்தேன். ரயில் நிலையத்து பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்தேன். பாஸ்வேர்டு மேனேஜர் திறக்கவில்லை. நான் வந்து சேர்வதற்குள் அந்தச் சொல்லை அவள் மாற்றியிருந்தாள். தானாகவே செய்திருக்கிறாள், எனக்குத்தான் வராது என்பவள்!

அவள் யாரிடமும் சொல்லவில்லை. என் கணவருக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியாது. மூத்தவளின் பிறந்தநாளுக்கு அவளைக் கூப்பிட்டு வாழ்த்தினாள். போனை என்னிடம் தரச் சொல்லவில்லை. அவளுக்குப் போன வருடத்தோடு அரசுப் பணிகளுக்கான வயது கடந்துவிட்டது. அந்தப் பள்ளிக்கு அவள் மறுபடி எழுதியிருக்கிறாளா, இல்லையா... எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கு இல்லை.

நேற்று வீட்டுவரி ரசீது ஒன்றைக் கொடுப்பதற்காக முத்தாபுதுப்பேட்டை போனேன். வீடு பூட்டியிருந்தது. செல்லம்மாக்கா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னா கண்ணு, தங்கச்சியத் தேடி வந்தியா? அது இ-சேவை மையத்துல வரிசைல நின்னுகினு கீது. காலைல போச்சு, இன்னும் ஊட்டுக்கு வர்ல. ஏதோ ஆன்லைன்ல பண்ணணுமாம். நீதான் எல்லாம் பண்ணிக் குடுப்பியே, அத்த இன்னாத்துக்கு அங்க போய் நிக்க வுட்ட?"

சொல்லியிருக்கலாம். இவராவது ஒருவர் தெரிந்துகொள்ளட்டும் என்று அங்கேயே, அந்த வாசலிலேயே சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தேன்.

"ஆபீஸ்ல வேல ஜாஸ்திக்கா" என்றேன்.

"ஆமா கண்ணு, நீயும் ஒருத்தியா எத்தினிதான் பாப்ப" என்று சொல்லிவிட்டு, அவர் கீரையைத் தொடர்ந்து ஆய ஆரம்பித்தார். நான் ரசீதைக் கதவின் இடுக்கில் செருகிவிட்டுத் திரும்பினேன்.